ஃப்ரெடி மெர்குரி: பஞ்ச்கனி ஹாஸ்டல் பையன் உலகத்தையே கை தட்ட வைத்தது எப்படி? இன்றைய தலைமுறைக்கு அவர் இன்னும் தேவையா?

காலால் ரெண்டு மிதி. கையால் ஒரு தட்டு. டம்... டம்... பட்! இதைப் படிக்கும்போதே உங்கள் மண்டைக்குள் ஒரு பாட்டு ஓடியிருக்கும். கிரிக்கெட் மைதானம், காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஜிம் ரீல்ஸ், கம்பெனி ஆண்டு விழா என்று எங்கேயாவது நீங்களும் இந்தத் தாளத்துக்குக் கை தட்டியிருப்பீர்கள்.

அந்தப் பாட்டின் பெயர் 'வீ வில் ராக் யூ'. வெளிவந்த ஆண்டு 1977. பாடியது குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஃப்ரெடி மெர்குரி. அவர் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2000-க்குப் பிறகு பிறந்த ஒருவருக்கு இது அப்பா காலத்துப் பாட்டு கூட இல்லை, தாத்தா காலத்துப் பாட்டு!

அப்படியானால், இந்தக் குழு இன்றைய இளைஞர்களுக்கு உண்மையிலேயே முக்கியமா? இல்லை, பெருசுகள் பழைய நினைப்பில் தூக்கிப் பிடிக்கிறார்களா? பதில் தெரிய வேண்டுமென்றால், ஃப்ரெடியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதையில் குஜராத் இருக்கிறது, மும்பை இருக்கிறது, மகாராஷ்டிர மலையூர் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் நம்ம சென்னையும் கும்மிடிப்பூண்டியும்கூட இருக்கின்றன.

யார் இந்த ஃபரோக் புல்சாரா?

1946 செப்டம்பர் 5. கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் இருக்கும் சான்சிபார் தீவில் ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. பெயர் ஃபரோக் புல்சாரா. பெற்றோர் போமி, ஜெர் புல்சாரா. இருவரும் குஜராத்தைச் சேர்ந்த பார்சிகள். இன்று வல்சாட் என்று அழைக்கப்படும் ஊருக்கு அப்போது புல்சார் என்று பெயர். அந்த ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயராக மாறியது.

பார்சிகள் யார்? பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்கு வந்து குடியேறிய ஜொராஸ்ட்ரிய மதத்தினர். டாடா குடும்பம் இந்தச் சமூகத்தைச் சேர்ந்ததுதான்.

சான்சிபார் அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. அப்பா போமி அங்கே பிரிட்டிஷ் அரசின் கீழ் காசாளர் வேலை பார்த்தார். வேலைக்காக ஊர் விட்டு ஊர் போன குடும்பம். நம்ம ஊர்க் குடும்பங்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் போனது போலத்தான் இதுவும்.

8 வயதில் ஹாஸ்டல்

1955-ல் மகனை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள் பெற்றோர். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் இருக்கும் பஞ்ச்கனி என்ற மலையூர். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் என்ற உறைவிடப் பள்ளி. பையனுக்கு அப்போது 8 வயது. அப்பா அம்மா கடல் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில். விடுமுறை வந்தால் மும்பையில் உறவினர் வீடு.

இந்தப் பள்ளியில்தான் ஃபரோக், 'ஃப்ரெடி' ஆனார். நண்பர்கள் வைத்த பெயர் அது. பியானோ கற்றுக்கொண்டார். குத்துச்சண்டை, டேபிள் டென்னிஸ் எல்லாம் ஆடினார். 12 வயதில் நான்கு நண்பர்களோடு சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளி இசைக்குழுவைத் தொடங்கினார். கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் பாடல்களைப் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் குழுவில் ஃப்ரெடி பிரதானப் பாடகர் இல்லை. பியானோ வாசிப்பவர். முன்வரிசைப் பற்கள் கொஞ்சம் எடுப்பாக இருந்ததால் கேலிக்கும் ஆளானார். வாயில் கூடுதலாக 4 பற்கள் இருந்ததுதான் காரணம். பின்னாளில் பெரும் பணம் வந்தபோதும் அவர் பல்லைச் சரிசெய்து கொள்ளவில்லை. வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடுமோ என்று பயந்தார்.

புரட்சி, ஓட்டம், லண்டன்

1963-ல் ஃப்ரெடி சான்சிபார் திரும்பினார். சரியாக ஓராண்டு கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1964 ஜனவரி 12-ம் தேதி அங்கே புரட்சி வெடித்தது. சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. அரபு, இந்திய வம்சாவளி மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஃப்ரெடிக்கு வயது 17.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஃபெல்தம் என்ற இடத்தில் சாதாரண வீடு. ஃப்ரெடி கலைக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு ஹீத்ரோவில் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கிப் போடும் வேலை பார்த்தார். 1969-ல் ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிப்பை முடித்தார். பிறகு கென்சிங்டன் சந்தையில் பழைய துணி விற்றார்.

ஆக, உலகமே கொண்டாடிய அந்த ராக் ஸ்டார் ஓர் அகதி, லோடு இறக்கியவர், சந்தையில் கடை போட்டவர். பழுப்புத் தோலோடு பிரிட்டனில் வாழ்ந்தவர். ஆசியர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாகக் காட்டப்பட்ட காலம் அது.

4 படிப்பாளிகள் சேர்ந்த கதை

கல்லூரி நாட்களில் ஃப்ரெடிக்கு 'ஸ்மைல்' என்ற குழுவோடு பழக்கம் ஏற்பட்டது. அதில் கிட்டார் வாசித்தவர் பிரையன் மே. டிரம்ஸ் ரோஜர் டெய்லர். அந்தக் குழுவின் பாடகர் 1970-ல் விலக, ஃப்ரெடி உள்ளே வந்தார். குழுவின் பெயரை 'குயீன்' என்று மாற்றினார். தன் பெயரையும் புல்சாராவிலிருந்து மெர்குரி என்று மாற்றிக்கொண்டார். 1971-ல் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் சேர, கூட்டணி முழுமையானது.

சிப்காட்டில் வேலை பார்க்கும் டிப்ளமோ, ஐடிஐ நண்பர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இந்தக் குழு செம டெக்னிக்கல் குழு!

* பிரையன் மே இயற்பியல் படித்தவர். தன் கிட்டாரை டீன் ஏஜில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தார். பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம்தான் மூலப்பொருள். அதே கிட்டாரைத்தான் இன்றைக்கும் வாசிக்கிறார். பாதியில் விட்ட ஆராய்ச்சியை முடித்து 2007-ல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.
* ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்தார். குயீன் பதிவுகள் பலவற்றில் அது பயன்பட்டது.
* ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்க வந்து, பிறகு உயிரியலுக்கு மாறியவர்.
* ஃப்ரெடி டிசைனர். குழுவின் சின்னத்தை வரைந்தது அவர்தான். நால்வரின் ராசிகளையும் அதில் வைத்தார். இரண்டு சிங்கம், ஒரு நண்டு, கன்னி ராசிக்கு இரண்டு தேவதைகள். மேலே சிறகு விரித்த ஃபீனிக்ஸ் பறவை.

இன்னொரு முக்கியமான விஷயம். நால்வருமே பாட்டு எழுதினார்கள். நால்வரின் பாட்டும் ஹிட் ஆனது. ஒருவரை மட்டும் நம்பி ஓடிய வண்டி இல்லை இது.

ரேடியோ ஓடாது என்றார்கள்... ஓடியது!

1975 அக்டோபர் 31. இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வெளிவர இன்னும் சில மாதங்கள் இருந்த நேரம். லண்டனில் 'போஹேமியன் ராப்சடி' என்ற பாட்டு வெளியானது. எழுதியது ஃப்ரெடி.

நீளம் 5 நிமிடம் 55 விநாடி. ரேடியோவில் 3 நிமிடப் பாட்டுதான் ஓடும் என்பது அன்றைய கணக்கு. அதிலும் பல்லவி, சரணம் என்ற வழக்கமான அமைப்பு கிடையாது. மெதுவான சோகப் பாட்டாகத் தொடங்கி, நடுவில் இத்தாலிய ஓபரா பாணிக்குத் தாவி, பிறகு முரட்டு ராக் ஆகி, கடைசியில் மூச்சை இழுத்துவிட்டு அடங்கும்.

நடுவில் வரும் அந்தக் கூட்டுக் குரலைக் கேட்டால் நூறு பேர் பாடுவது போல இருக்கும். பாடியது ஃப்ரெடி, பிரையன், ரோஜர் என மூன்றே பேர். கம்ப்யூட்டர் இல்லை. 24 டிராக் டேப்பில் மூவரும் திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். டேப் தேய்ந்துபோகும் அளவுக்கு அடுக்கினார்கள் என்பது இசை உலகில் பிரபலமான கதை.

இதை வெளியிட வேண்டாம் என்று தொழில் தெரிந்தவர்கள் தடுத்தார்கள். பாட்டு பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது?

இப்போது நம்ம 'டம் டம் பட்' விஷயத்துக்கு வருவோம். 1977-ல் ஒரு கச்சேரி முடிந்தும் கூட்டம் கலையவில்லை. மேடையை நோக்கித் தாங்களாகவே ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். குயீன் குழுவுக்கு இது புதிது. கூட்டம் சும்மா கேட்க மட்டும் வரவில்லை, பங்கெடுக்கவும் ஆசைப்படுகிறது என்று புரிந்தது.

நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒருவரால் என்ன செய்ய முடியும்? கால் மிதிக்கலாம், கை தட்டலாம், கத்தலாம். இந்த மூன்றை மட்டும் வைத்துப் பிரையன் மே 'வீ வில் ராக் யூ' எழுதினார். அந்தத் தாளத்தில் டிரம்ஸ் கிடையாது. ஸ்டுடியோவில் கிடந்த பழைய மரப்பலகைகள் மேல் ஏறி மிதித்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு பதிவையும் நூலிழை நேரம் தள்ளித் தள்ளி வைத்து, பெரிய மைதானமே மிதிப்பது போன்ற ஓசையை உண்டாக்கினார்கள்.

அதே எண்ணத்தில் ஃப்ரெடி எழுதியது 'வீ ஆர் த சாம்பியன்ஸ்'. உலகின் எந்த மூலையில் எந்தக் கோப்பையைத் தூக்கினாலும் ஒலிக்கிற பாட்டு.

தமிழர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான யோசனை இல்லை. பறையடி கேட்டால் கால் தானாக அசையும். கும்மியில் கைதான் வாத்தியம். தாளம் புரிய மொழி தேவையில்லை என்பது நமக்கு முன்பே தெரியும்.

21 நிமிடத்தில் உலகம் கையில்

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட 'லைவ் எய்ட்' என்ற மாபெரும் இசை நிகழ்ச்சி நடந்தது. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் சுமார் 72,000 பேர். தொலைக்காட்சியில் ஏறத்தாழ 190 கோடி பேர் பார்த்ததாக மதிப்பிடப்படுகிறது.

உலகின் பெரிய தலைகள் எல்லாம் வந்திருந்தார்கள். குயீனுக்குக் கிடைத்தது சுமார் 21 நிமிடம். அதற்காக நாள் கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ஹிட் பாடல்களைச் சுருக்கிக் கோர்த்துக்கொண்டார்கள். வெள்ளை பனியன், ஜீன்ஸ், கையில் பாதி உடைந்த மைக் ஸ்டாண்டு. ஃப்ரெடி ஓசை எழுப்பினால் 72,000 பேரும் திருப்பி எழுப்பினார்கள். உலகின் சிறந்த மேடை நிகழ்ச்சிகள் பட்டியலில் இன்றும் அது முன்வரிசையில் வைக்கப்படுகிறது.

அந்த மைக் ஸ்டாண்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆரம்ப காலத்தில் ஒரு கச்சேரி நடுவே ஸ்டாண்டு உடைந்துவிட்டது. ஃப்ரெடி அதை மாற்றச் சொல்லவில்லை. உடைந்த கம்போடே தொடர்ந்தார். பிறகு அதுவே அவரது அடையாளமானது.

கறையே இல்லாத கதையா?

இல்லை. லைவ் எய்டுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1984 அக்டோபரில் குயீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் கச்சேரிகள் நடத்தியது. நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அங்கே கலைஞர்கள் போகக் கூடாது என்று உலக அளவில் புறக்கணிப்பு இருந்தது. நாங்கள் அரசியல் பார்ப்பதில்லை என்ற ரீதியில் குழு சமாளித்தது. பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் குயீன் பெயர் ஏறியது.

இனவெறியைத் தோலில் உணர்ந்திருக்கக்கூடிய ஒரு பாடகர் அந்த மேடையில் ஏறினார் என்பது ரசிகர்களுக்கு இன்றும் நெருடல்தான். கொண்டாடுபவர்கள் இதையும் தெரிந்துகொண்டு கொண்டாடுவதுதான் நியாயம்.

ஃப்ரெடி எதையெல்லாம் மறைத்தார்?

மேடையில் எதற்கும் அஞ்சாத ஃப்ரெடி, மேடைக்கு வெளியே பூட்டிய வீடு மாதிரி. சான்சிபார், பஞ்ச்கனி, பார்சி குடும்பம் பற்றியெல்லாம் பொதுவில் அவர் அதிகம் பேசியதில்லை. ரசிகர்கள் பலருக்கு அவர் ஆசியர் என்பதே தெரியாது.

காதல் வாழ்க்கையும் அப்படித்தான். மேரி ஆஸ்டினோடு சில ஆண்டுகள் வாழ்ந்தார். பிரிந்த பிறகும் அவர்தான் நெருங்கிய தோழி. வீட்டையே மேரிக்குத்தான் எழுதிவைத்தார். 1985 முதல் கடைசி வரை ஜிம் ஹட்டன் என்ற ஆண் துணைவர் உடன் இருந்தார். இதை ஃப்ரெடி வெளியுலகத்துக்கு அறிவிக்கவே இல்லை.

1987-ல் அவருக்கு எச்ஐவி இருப்பது உறுதியானது. அந்த நேரத்தில் இந்த நோய்க்குச் சரியான சிகிச்சை கிடையாது. நோயைவிட வேகமாகப் பரவியது வெறுப்பு. பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர் மெலிந்து போவதைப் படமெடுக்க வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தன. ஃப்ரெடி பதில் சொல்லவில்லை. பாட்டு பதிவு செய்துகொண்டே இருந்தார்.

1988-ல் ஸ்பெயின் நாட்டு ஓபரா பாடகி மான்செராட் கபாயேவோடு 'பார்சிலோனா' ஆல்பம் வந்தது. 1991 பிப்ரவரியில் குயீனின் 'இன்யுவெண்டோ' வந்தது. 'இன்யுவெண்டோ' பாடல்கள் உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்த காலத்தில் பாடியவை. அதே ஆண்டு மே மாதம் எடுத்த கடைசி வீடியோவைக் கறுப்பு வெள்ளையில் வைத்தார்கள். கலரில் காட்டினால் உடல்நிலை தெரிந்துவிடும் என்பதற்காக.

கடைசியாக அவர் பாடியது 'மதர் லவ்' என்ற பாட்டு. இறுதிச் சரணத்துக்கு முன் சோர்ந்துவிட்டார். பிறகு வந்து முடிக்கிறேன் என்று போனவர் திரும்பி வரவே இல்லை. மீதியைப் பிரையன் மே பாடினார். 1995-ல் வெளியான அந்தப் பாட்டில் குரல் மாறும் இடத்தை நீங்களே கேட்கலாம்.

1991 நவம்பர் 23. தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக ஃப்ரெடி அறிக்கை வெளியிட்டார். மறுநாளே, நவம்பர் 24-ல், நிமோனியாவால் இறந்தார். வயது 45. இறுதிச் சடங்கை நடத்தியது ஜொராஸ்ட்ரிய மதகுருமார்கள். வாழும்போது பேசாத வேர், கடைசி நாளில் வந்து நின்றது.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது?

இங்கேதான் கதை நம்ம ஊருக்குத் திரும்புகிறது. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? சென்னையில். ஆண்டு 1986.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் சிஎம்சி-யில் பரிசோதனை நடந்தது. 6 மாதிரிகளில் தொற்று உறுதியானது. இந்த நோய் இந்தியாவுக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்த நாடு அதிர்ந்தது.

தமிழ்நாடு சுதாரித்துக்கொண்டது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்குத் தனியாக ஒரு சங்கத்தை 1994-லேயே அரசு அமைத்தது. நெடுஞ்சாலை லாரி டிரைவர்களிடம் பிரசாரம் போனது. 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் ஒட்டப்பட்ட புள்ளிராஜா விளம்பரத்தை உங்கள் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

காலக்கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். வைரஸை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து முறை 1996-ல் வந்தது. ஃப்ரெடி இறந்து 5 ஆண்டுகள் கழித்து. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம். முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்று மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும் ஒருவர் முழு ஆயுளும் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? மருந்து வந்துவிட்டது, கூச்சம் போகவில்லை. லாரி டிரைவர்களையும் புலம்பெயர் தொழிலாளர்களையும் தனிக் கவனம் தேவைப்படுபவர்களாக எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வைத்திருக்கிறது. எளாவூர் சோதனைச்சாவடி வழியாக லாரிகள் ஓடும் கொல்கத்தா நெடுஞ்சாலையும், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இந்த இரண்டு வட்டத்துக்குள்ளும் வருகின்றன. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சினிமா சொன்னதும் சொல்லாததும்

2018-ல் 'போஹேமியன் ராப்சடி' என்ற பெயரிலேயே ஃப்ரெடியின் வாழ்க்கை படமானது. ராமி மாலெக் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். படம் மொத்தம் 4 ஆஸ்கர் அள்ளியது. உலக அளவில் 90 கோடி டாலருக்கு மேல் வசூல். இளைஞர்கள் பலருக்கு ஃப்ரெடி அறிமுகமானது இந்தப் படத்தில்தான்.

ஆனால் படத்தை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லைவ் எய்டுக்கு முன்பே அவருக்கு நோய் தெரிந்துவிட்டதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் தெரிந்தது 1987-ல். குழு உடைந்து, லைவ் எய்டுக்காக ஒன்று சேர்ந்ததாகவும் படம் சொல்கிறது. நிஜத்தில் 1985 மே வரை அவர்கள் சேர்ந்து உலகச் சுற்றுப்பயணத்தில்தான் இருந்தார்கள். கதையும் 1970 லண்டனில்தான் ஆரம்பிக்கிறது. பஞ்ச்கனி காலம் காட்சியாக இல்லை.

இன்னொரு பொருத்தம். தன்பாலின உறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6-ல். ஃப்ரெடியின் பிறந்தநாளுக்கு மறுநாள். அதே ஆண்டு இறுதியில் படம் இங்கே திரைக்கு வந்தது. வாழும்போது அவரால் வெளியே சொல்ல முடியாத ஒன்றை, நம்ம ஊர் இளைஞர்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

சரி, இன்றைய தலைமுறைக்கு இது முக்கியமா?

முதலில் எண்களைப் பார்ப்போம். 20-ம் நூற்றாண்டுப் பாடல்களில் இணையத்தில் அதிகம் கேட்கப்பட்டது 'போஹேமியன் ராப்சடி' என்று 2018 டிசம்பரில் இசை நிறுவனம் அறிவித்தது. 2019-ல் அதன் வீடியோ யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. 1990-க்கு முந்தைய பாட்டு ஒன்று அந்த எண்ணைத் தொட்டது அதுவே முதல் முறை. 2023-ல் ஃப்ரெடியின் பொருட்கள் லண்டனில் ஏலம் போனபோது, அவரது பியானோ மட்டும் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

ஆனால் எண்ணை மட்டும் வைத்து முக்கியத்துவத்தை முடிவு செய்ய முடியாது. எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ரீல்ஸில் 15 விநாடி கேட்பவர் ரசிகரா? கும்மிடிப்பூண்டி லோக்கலில் இயர்போன் மாட்டி நிற்கும் பத்துப் பேரிடம் கேட்டால் கானா, அனிருத், போஜ்புரி, ஒடியா பாட்டுதான் முதலில் வரும். குயீன் பெயர் வருவது அபூர்வம். ராக் இசை இங்கே எப்போதும் வெகுஜன இசையாக இருந்ததில்லை. ஏ.ஆர்.ரஹ்மான் இளம் வயதில் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்தவர்தான். ஆனால் அவரையும் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது 'ரோஜா'.

ஆகவே நேர்மையான பதில் இதுதான். குழுவின் பெயர் மங்கலாம். பாட்டு மங்கவில்லை. காரணம், கேட்பவரையும் பாட்டுக்குள் இழுத்துப்போடும்படி அவற்றை அமைத்தார்கள். நாட்டுப்புறப் பாட்டைப் போல, யார் போட்டது என்று தெரியாமலே நாம் தட்டுகிறோம். ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய வாழ்வு கிடையாது.

பாட்டு பிழைத்துக்கொள்ளும். தொலைந்துபோகக் கூடியது அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கைதான். சான்சிபாரில் 2006-ல் ஃப்ரெடியின் 60-வது பிறந்தநாளைக் கொண்டாட ஏற்பாடு நடந்தபோது, மத அமைப்பு ஒன்றின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. பிறந்த ஊரே சொந்தம் கொண்டாடத் தயங்கிய மனிதர் அவர்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கி, ஷிஃப்ட் மாறி மாறித் தூங்கும் பையன்கள் எத்தனையோ பேர். சூப்பர்வைசர் வாயில் நுழையாததால் பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் உண்டு. ஊரில் என்ன வேலை என்று சொல்லாதவர்கள் உண்டு. உடம்புக்கு என்ன என்று ஆஸ்பத்திரியில் கூடச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. 1960-களில் ஹீத்ரோவில் பெட்டி தூக்கிய ஃபரோக் புல்சாராவும் இவர்களில் ஒருவர் மாதிரிதான். அவருக்கு ஒரு மேடை கிடைத்தது. இருந்தும் மனசில் இருந்த பாதியை மறைத்துத்தான் வாழ வேண்டியிருந்தது.

அவர் இறந்த பிறகு, 1992 ஏப்ரல் 20-ல் அதே வெம்ப்ளியில் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. அதில் திரண்ட நிதியில் உருவான மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை இன்றும் உலகெங்கும் எச்ஐவி பணிகளுக்கு உதவுகிறது. ஃப்ரெடி வரைந்த சின்னத்தில் இருந்த பறவையின் பெயர்தான் அதற்கு.

அடுத்த முறை மைதானத்திலோ கம்பெனி விழாவிலோ அந்தத் தாளம் வந்தால், தாராளமாக மிதியுங்கள், தட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் ஒரு தகவலையும் சொல்லிவிடுங்கள்: இந்தக் குரல், 8 வயதில் அப்பா அம்மாவைப் பிரிந்து பஞ்ச்கனி ஹாஸ்டலுக்கு வந்த ஒரு பையனுடையது.